'இக்கிமாஸ்' என்றால்

கார்ட்டூன் என்று எழுதாதீர்கள், தம்பி. அதற்குப் பெயர் அனிமே. இன்ஸ்பெக்டர் மாத்தயாவுக்கும் அப்படியே சொல்லுங்கள். சிங்களத்தில் நீங்கள் என்ன சொல் போடுகிறீர்கள் என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் தெருவிலேயே கிடைத்துவிடும். இருந்தும் தமிழில்தான் வாக்குமூலம் கொடுப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இந்த விஷயம் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியது. அதை நான் என் வாயால் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். பிறகு நீங்கள் அதைச் சிங்களத்துக்கு எப்படி மாற்றினாலும் பொறுப்பு உங்களுடையது.

கௌரி அக்காவின் மகன் தேனுஜன் செத்துப்போனதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். அந்தத் தாய் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். நான் சொன்னேன். அவ்வளவுதான். புதுக்கடைக் கோர்ட்டில் எந்த லோயரிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரு சொல்லை மொழிபெயர்த்ததற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று. சிரிப்பார்.

பெயர் றேமண்ட். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஜப்பான் மொழி வகுப்பு நடத்துகிறேன். இளமையில் நகோயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே மொழியைப் பிடித்தவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜப்பானுக்குப் போவதற்காக வருகிறார்கள். மற்றப் பாதி அனிமே பார்த்துப் பைத்தியம் பிடித்து வருகிறது. எனக்கு அந்தப் பைத்தியங்களைத்தான் பிடிக்கும். முதல் கூட்டத்துக்கு மொழி ஒரு டிக்கெட், இறங்கியதும் கிழித்துப்போடுவார்கள்.

பைத்தியங்களுக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பஞ்ச் டயலாக்கைப் பலகையில் எழுதுவேன். கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு 'யுருசனாய்' என்பான். நெட்டில் பார்த்தால் 'நான் உன்னை மன்னிக்க மாட்டேன்' என்று போட்டிருப்பார்கள். சண்டைக்குப் போகிற எந்தத் தமிழனாவது மன்னிப்பைப் பற்றிக் கதைப்பானா? 'உன்னைச் சும்மா விடமாட்டன்.' அதுதான் தமிழ். 'கம்பத்தே' என்று தோழி கத்துவாள். அதற்கு 'வாழ்த்துகள்' என்று போட்டிருப்பார்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு வாழ்த்து எதற்கு? 'விடாதை' என்று போட்டேன். 'ஷொகனாய்' என்பதற்கு அகராதி 'வேறு வழியில்லை' என்று சொல்லும். நான் 'என்ன செய்யிறது' என்று போட்டேன். கரண்ட் போனாலும் கப்பல் கவிழ்ந்தாலும் எங்கள் சனம் சொல்லுகிற அதே 'என்ன செய்யிறது'. மருதானையில் இருந்து வருகிற ரிஸ்லா என்ற மாணவி அதைக் கேட்டுவிட்டு, "சேர், எங்கட உம்மா செல்ற மாதிரியே ஈக்கிது" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அந்த ரிஸ்லாதான் டெலிகிராமில் ஒரு சனல் திறந்தாள். நான் தமிழில் சப்டைட்டில் போடுவேன், அவள் ஏற்றிவிடுவாள். யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள், மட்டக்களப்பில் பார்த்தார்கள், ரொறன்ரோவில் இருந்து கடிதம் போல நீளமாக எழுதினார்கள். 'றேமண்ட் சப்' என்றாலே ஒரு தரம். வேறு யார் போட்டதையும் பார்க்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணின பிள்ளைகள் இருந்தார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன, உண்மைதானே.

இனி அந்தத் தொடருக்கு வருகிறேன். அது ஒரு கடல் மீட்புப் படகின் கதை. மினாமோ என்கிற இளம் பெண்ணுக்கு அந்தப் படகில் வேலை. ஒவ்வொரு எபிசோடிலும் புயலுக்குள் இறங்குவதற்கு முன் துறையில் திரும்பி நின்று, தாயைப் பார்த்து 'இத்தெக்கிமாஸ்' என்று கத்துவாள். அதுதான் அவளுடைய பஞ்ச். இத்தெ என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். போயிட்டு வாறன். ஜப்பான்காரனும் எங்களைப் போலத்தான், வாசலில் நின்று 'போறன்' என்று சொல்லமாட்டான். மாத்தயா இன்றைக்குக் காலையில் வீட்டில் 'யனவா' என்றா சொல்லிவிட்டு வந்தார்? 'கிஹில்லா என்னம்', போய் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். கேளுங்கள். பார்த்தீர்களா, தலையாட்டுகிறார்.

கடைசி எபிசோடில் மட்டும் அவள் 'இக்கிமாஸ்' என்பாள். போகிறேன். அவ்வளவுதான். அந்தப் படகு பிறகு திரும்பி வராது. நான் அந்த இடத்திலும் 'போயிட்டு வாறன்' என்றே போட்டேன். யோசித்துத்தான் போட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி எபிசோடை ஒரு மண்டபம் எடுத்துப் பெரிய திரையில் போட்டோம். வகுப்புப் பிள்ளைகள், தாய் தகப்பன்மார், முன்பு படித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். லைட் போட்டதும் தேனுஜன் எழும்பினான். தகப்பன் இல்லாத பிள்ளை, இருபத்தாறு வயது, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பம். என்னிடம் படித்தவர்களில் அவனைப் போல ஒருவன் இல்லை. அதை நான் எங்கும் மறைத்ததில்லை.

"சேர், அந்தக் கடைசி வசனம் பிழை. அவ 'வாறன்' எண்டு சொல்லேல்லை."

நான் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். "தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தாயிட்ட 'போறன்' எண்டு சொல்லுவாளோ? அபசகுனம் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் சேர். அதுதானே விஷயம். சொல்லக் கூடாததை அவ சொல்லுறா. தாய்க்கு அது விளங்குது. அதாலதான் தாய் குழறிக்கொண்டு ஓடி வாறா. நீங்க 'வாறன்' எண்டு போட்டபடியால், அந்த மனிசி ஏன் ஓடி வருது எண்டே எங்கட சனத்துக்கு விளங்கேல்லை."

பின்வரிசையில் இருந்து யாரோ ஒருவன், "ஆனைக்கும் அடி சறுக்கும் சேர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தேனுஜனும் சிரித்தான். வஞ்சகமில்லாத சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது ரிஸ்லா கிட்ட வந்து, "சேர், அத மாத்துவமா? ரெண்டு நிமிஷ வேலதானே" என்றாள். தேவையில்லை என்றேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? வகுப்பு முடிந்து போகும்போது பிள்ளைகள் கதவடியில் நின்று, "போயிட்டு வாறம் சேர்" என்பார்கள். எல்லா நாளும் சொல்கிறதுதான். ஆனால் இப்போது சொல்லிவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். படியில் இறங்கும்போது கிக்கிக் என்று சத்தம் கேட்கும். என் தாய் எனக்குப் பழக்கின சொல், தம்பி. அதைத் தேனுஜன் என் வாசலிலேயே பகிடியாக்கிவிட்டான். சனலிலும் எழுதினான், மிக மரியாதையாக. 'எங்கள் சேருக்கு நிகர் யாருமில்லை, இந்த ஓர் இடத்தைத் தவிர' என்று. அந்த 'தவிர' என்கிற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று மொழி தெரிந்தவனுக்குத்தான் விளங்கும்.

பிறகு அவனுடைய ஜப்பான் விசா இரண்டாவது தடவையும் மறுக்கப்பட்டது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதையும் என் தலையில் கட்டப் பார்க்காதீர்கள். அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். ஒருநாள் மீன் வாங்க நிற்கும்போது கௌரி அக்கா என்னைக் கண்டார்.

"சேர், அவன் அறைக்குள்ளயே கிடக்கிறான். சாப்பிடுறானில்லை, கதைக்கிறானில்லை. முந்தி அந்தப் படங்களையாவது பாப்பான். இப்ப அதுவுமில்லை. நீங்க சொன்னாக் கேப்பான். ஒருக்கா வந்து கதையுங்கோவன்."

"வாறன் அக்கா" என்றேன். போகவில்லை. வேலை இருந்தது.

அந்த நாளைப் பற்றித்தான் உங்களுக்கு வேண்டும். சரி. காலமை, வகுப்பு தொடங்க முன்னம், கௌரி அக்கா படியேறி வந்தார். செருப்புக்கூட மாறிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் போன்.

"சேர், தேனுஜன் விடிய வெளிக்கிட்டுப் போட்டான். நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான், காணேல்லை. போன் ஓஃப். இதை மட்டும் அனுப்பிப்போட்டுப் போயிருக்கிறான். கூகிள்ல போட்டுப் பாத்தன், 'நான் போகிறேன்' எண்டு வருது. இதென்ன சேர் இது? எங்கட பிள்ளை அப்பிடிச் சொல்லமாட்டானே. பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்து 'போயிட்டு வாறன் அம்மா' எண்டு சொல்லாமல் படி இறங்கினதில்லையே."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். ஜப்பான் எழுத்தில் நான்கே நான்கு. இக்கிமாஸ். இத்தெக்கிமாஸ் என்று எழுத இன்னும் இரண்டு எழுத்து வேண்டும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் வந்து சேருவது அந்த இரண்டில்தான் இருக்கிறது. அவை அங்கே இல்லை.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அது என் வாயில் இருந்தது. நான் சொன்னேன்: "மெஷினுக்கு எங்கட பழக்கம் எங்க அக்கா தெரியும்? இது அந்தப் படத்தில வாற பஞ்ச். 'போயிட்டு வாறன்' எண்டு அர்த்தம்."

"உண்மையாவோ சேர்?"

"நான் தமிழாக்கின படம் அக்கா. எனக்குத் தெரியாதோ?"

அவர் அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதார். பயம் போன அழுகை. பொலிசுக்குச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார். "அந்தப் பிள்ளையைப் பொலிசில குடுத்து மானத்தை வாங்காதேங்கோ, பின்னேரம் வந்திடுவார்" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வயித்தில பாலை வாத்தீங்கள் சேர். நான் போய்க் கணவாய் வாங்கிக் கறி வைக்கிறன். அவன் வரேக்க பசியோட வருவான்." அவர் சந்தைக்குப் போனார். நான் வகுப்பெடுத்தேன். நல்ல வகுப்பு.

இதில் பிழை என்ன? தமிழ் மரபுப்படி 'போகிறேன்' என்பதைப் 'போய் வருகிறேன்' என்று சொல்லுவதுதான் சரி. எந்தப் பண்டிதரை வேண்டுமானாலும் கூண்டில் ஏற்றுங்கள், எனக்குச் சாட்சி சொல்லுவார். ஜப்பானிலும் ஆயிரம் பேர் கடைக்குப் போகும்போது 'இக்கிமாஸ்' என்பார்கள். ஒருவரும் சாகவில்லை.

ஹெந்தளைக் கடற்கரையில் அவன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். வெயில் சாயும்வரை இருந்தானாம். மீன்காரர் ஒருவர் தண்ணீர்ப் போத்தல்கூடக் கொடுத்தாராம். ஓம், அந்த இடம் எனக்குத் தெரியும். மினாமோவின் கடைசிக் காட்சியைப் போல ஒரு வீடியோ எடுக்க வகுப்புப் பிள்ளைகளை வேனில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கல்லைத் தெரிவு செய்தவன் தேனுஜன். வெள்ளவத்தையில் இருந்து என்னதான் டிரபிக் இருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேரலாம். நான் போயிருந்தால் உயிரோடு இருப்பான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் போய் என்ன சொல்லுவது? 'தம்பி, உன் மெசேஜ் எனக்கு விளங்கினது, எழும்பி வா' என்றா? அப்படியென்றால் நான் அந்தச் சொல்லுக்கு அவன் சொன்ன அர்த்தத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். முழுப் பூசணிக்காய் சோற்றில் இருந்து வெளியே வந்துவிடும்.

செத்த வீட்டுக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கௌரி அக்கா அழவில்லை. வருகிற எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் போயிட்டு வாறன் எண்டு எழுதிப்போட்டுத்தான் போனவன். சேரிட்டக் கேளுங்கோ. வாறன் எண்டு சொன்ன பிள்ளை கால் தவறித்தான் கடலுக்குள்ள விழுந்திருக்கும். அம்மாவை விட்டிட்டுப் போவானே?" என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

இப்போது சொல்லுங்கள். அந்த மனிசிக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிறது என்ன? என் மொழிபெயர்ப்பு ஒன்றுதான். நீங்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'அம்மா, சரியான அர்த்தம் இதுதான், உங்கள் மகன் வருகிறேன் என்று சொல்லவில்லை' என்று சொல்லப் போகிறீர்களா? தம்பி, உங்களைத்தான் கேட்கிறேன். தமிழ் தெரிந்தவர் நீங்கள்தான், நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டிவரும். வாய் வருமா? வராது. அப்போது தெரியும், மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று.

செத்த வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது. அது எங்கள் வழக்கம். சொல்லாமல் இறங்கினேன். ரிஸ்லா கேற்றடியில் நின்றாள். கௌரி அக்காவின் போனை அவள் பார்த்திருக்கிறாள். "சேர், அதுல இக்கிமாஸ்னுதானே ஈக்கிது" என்றாள். நான் வீதியில் இறங்கி நடந்தேன். அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும். நல்ல பிள்ளை. காது கூர்மை. நான் பழக்கினது.

மாத்தயா என்ன கேட்கிறார் என்று நீங்கள் தமிழில் சொல்லத் தேவையில்லை, எனக்கு விளங்கியது. சனலில் இருக்கிற கடைசி எபிசோட், கௌரி அக்கா போனோடு வந்த அன்றே மத்தியானம் மாற்றி ஏற்றப்பட்டிருக்கிறது. ரிஸ்லா அதையும் காட்டியிருக்கிறாள். கத்தரிக்காய் முற்றினால் சந்தைக்கு வரும்தானே. ஓம், நான்தான் மாற்றினேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'போயிட்டு வாறன்' என்பதை அழித்துவிட்டு 'போறன்' என்று அடித்தேன். பிறகு அந்தக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்தேன். மினாமோ திரும்பி நிற்கிறாள். 'போறன் அம்மா.' தாயின் முகம் மாறுகிறது. கையில் இருந்தது விழுகிறது. ஓடி வருகிறாள். அந்தச் சொல் சரியாக இருந்தபடியால் எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை தடவை பார்த்த காட்சி, அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. முன்பு யோசித்துப் போட்டேன் என்று சொன்னதை வெட்டிவிடுங்கள். யோசிக்கவில்லை. வழக்கமாக வருகிற வசனம்தானே என்று காது கொடுக்காமல் கையோடு அடித்துவிட்டேன். அவன் சொன்னது முழுக்கச் சரி. அந்த மண்டபத்திலேயே எனக்கு அது தெரியும்.

தெரிந்தும் ஏன் முன்பே மாற்றவில்லை என்கிறார். நல்ல கேள்வி. அவன் இருக்கும்போது மாற்றியிருந்தால், அவன் சொல்லி நான் மாற்றியதாகப் போயிருக்கும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் அவன் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அவன் போன பிறகு மாற்றினால் அது என் திருத்தம். படமும் பிழையில்லாமல் நிற்கும். ஒரு தாயிடம் பிழையாகச் சொல்லலாம், தம்பி. படத்தில் பிழை விடக் கூடாது. அது என்றைக்கும் இருக்கப் போகிறது.

மாத்தயா மேசையில் தட்டுகிறார். மத்தியானம் அவன் உயிரோடுதான் கல்லில் இருந்தான், அதற்குள் எப்படி 'போன பிறகு' என்று சொல்கிறாய் என்று கேட்கிறார். அதையும் எழுதுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். அவன் உயிரோடு இருந்தான். ஆனால் அவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் எழுதினதை இந்த வெள்ளவத்தையில் என்னைவிட நன்றாக யாரால் வாசிக்க முடியும்?